மந்திரத்துக்குப் பற்று எழுதுதல்: கதைப்பாத்திர ஆட்டம் நடத்தப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நகர்த்திச் செல்லும் ஆட்டத்தை முதன்முறையாக நடத்தப் புகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிப்புத்தகம் பல நூறு பக்கம் நீளும். அதில் பெரும்பகுதியை ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். ஆனால் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) என்று நாம் சொல்லும் ஆட்டம் நடத்துபவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரே குழுவில் வாளேந்திய வீரனும் நெருப்பை வரவழைக்கும் மந்திரவாதியும் இருக்கும்போது, ஒருவர் மற்றவருக்கு வெறும் துணையாளாகச் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே அது.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், நான் நடத்திய முதல் கதை பத்தே வாரத்தில் நின்றுபோனது. மந்திரவாதியாக ஆடியவர் ஒவ்வொரு சண்டையையும் முதல் சுற்றிலேயே முடித்துவிடுவார். குழு உடனே படுத்துத் தூங்கும். விடிந்ததும் அவருடைய மந்திரங்கள் அத்தனையும் திரும்பி வந்துவிடும். வீரனாக ஆடிய பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் மாலை முழுவதும் தன் பாத்திரத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டும்போது, "அண்ணே, எம் முறை வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருதுண்ணே. நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. ஆட்டம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவன் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாதபடி நான் நடத்தியிருந்தேன்.

பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய குடும்பங்களின் ஊர்ப்பக்கம் இது. அந்தக் கடைகளில் கணக்கெழுதியவர்கள் வரவையும் பற்றையும் நேர்செய்து, ஐந்தொகை எடுத்த பிறகுதான் பேரேட்டை மூடுவார்கள். ஆட்டத்தில் வரும் மந்திரத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். மந்திரவாதியின் வலிமை வரவுப் பக்கம் ஏறுகிறது. அதற்கு நேரே பற்றுப் பக்கத்தில், அதாவது விலையாகக் கழியும் பக்கத்தில், என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் ஒரு மந்திர முறையின் தரம் முழுவதும் இருக்கிறது. என் முதல் கதையில் பற்றுப் பக்கம் வெறுமையாக இருந்தது. வலிமையைக் குறைத்துச் சமன்செய்யலாம் என்று நினைக்கும் டி.எம். மந்திரவாதியாக ஆடுபவரின் மகிழ்ச்சியைப் பறித்துவிடுவார். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் பற்றெழுதுவதைப் பற்றியே பேசும்.

முதற்படி: ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. போர்க்களத்தைச் சிறு பொம்மைகளால் ஆடிக்காட்டும் ஆட்டங்களிலிருந்து அது பிறந்தது. அந்த ஆட்டங்களில் மந்திரவாதிக்கு இருந்தது பீரங்கியின் இடம். தொலைவிலிருந்து பேரழிவு செய்வான். தொடக்கப் பதிப்பில் முதல் லெவல், அதாவது முதல் வளர்ச்சிப் படியில் இருக்கும், மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைச் சொல்லி முடித்தபின் ஒரு கத்தியைப் பிடித்துக்கொண்டு வீரனின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

லெவல் ஏறுவதற்கான விலையிலும் அன்று வேறுபாடு வைத்திருந்தார்கள். 1981இல் வந்த, அதே ஆட்டத்தின் பேசிக் தொகுப்பில் இரண்டாம் லெவலை எட்ட வீரனுக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும், மந்திரவாதிக்கு 2,500, கள்வனுக்கு 1,200, வாளும் மந்திரமும் இரண்டும் கைவந்த எல்ஃபுக்கு 4,000. வலிமையானதை எடுத்தவர் மெதுவாக வளர வேண்டும் என்ற நேர்மையான கணக்கு அது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் எல்லாருக்கும் ஒரே அட்டவணை வந்தது. தொடக்கத்தில் பெருந்துன்பம், பின்னால் பெருவலிமை என்ற பழைய பேரத்தில் துன்பத்தின் பங்கு குறைந்து, வலிமை அப்படியே நின்றது. வீரன் லெவல் ஏறினால் சற்றுக் கூடுதலாக வெட்டுவான். மந்திரவாதிக்கோ மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடும், ஒவ்வொன்றின் வலிமையும் கூடும். ஆகவே வீரன் நேர்கோட்டில் வளர, மந்திரவாதி இருபடி விகிதத்தில் வளர்கிறான் என்று அந்நாட்டு ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இதை அடியோடு மாற்றியது. எல்லாப் பாத்திர வகைகளுக்கும் எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை செய்யக்கூடியவை, நாளுக்கு ஒருமுறை செய்யக்கூடியவை என்று ஒரே அச்சில் ஆற்றல்களை வார்த்துக் கொடுத்தது. சமநிலை வந்தது, ஆனால் வீரனும் மந்திரவாதியும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவர்களைப் போல ஆகிவிட்டார்கள் என்ற குறை பலருக்கு இருந்தது. அந்தக் குறையை நானும் ஏற்கிறேன். இருவரும் ஒன்றுபோல் இருப்பதற்காக யாரும் இருவேறு பாத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இன்று புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குவது 2014இல் வந்து, 2024இல் திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பில்தான். கீழே நான் தரும் எண்கள் 2014 விதிகளின்படி அமைந்தவை. அவ்விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டிருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதைத் தமிழில் பெயர்த்து உங்கள் குழுவுக்குக் கொடுப்பதற்கும் தடையில்லை. புத்தகம் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள்

ஐந்தாம் லெவலில் ஒரு மந்திரவாதியையும் ஒரு வீரனையும் எடுத்துக்கொள்வோம். மந்திரவாதிக்கு மந்திரம் சொல்ல ஸ்லாட் என்ற இருப்பு உண்டு; மந்திரத்தின் வலிமைக்கேற்ப அது வரிசை வரிசையாகப் பிரிந்திருக்கும். இந்த லெவலில் முதல் வரிசையில் நான்கு, இரண்டாம் வரிசையில் மூன்று, மூன்றாம் வரிசையில் இரண்டு. மூன்றாம் வரிசை ஸ்லாட் ஒன்றைச் செலவழித்து ஃபயர்பால் என்ற நெருப்புக்கோளத்தை எறியலாம். எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை, அதாவது சராசரியாக 28 புள்ளி, அதனுள் அகப்படும் ஒவ்வொருவருக்கும் சேதம். தற்காப்பு வீச்சில் தப்பியவருக்குப் பாதி. நான்கு பகைவர் அகப்பட்டு, இருவர் பாதியோடு தப்பினால், ஒரே வீச்சில் 84. ஸ்லாட் செலவில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லக்கூடிய தீக்கணை இரண்டு பத்துமுகப் பகடை; நூற்றுக்கு 65 முறை படும் என்று வைத்தால் சுற்றுக்கு ஏறத்தாழ 7.

வீரன் சுற்றுக்கு இருமுறை வெட்டுகிறான். வாளின் எட்டுமுகப் பகடை, வலிமைக்கு நான்கு, ஒற்றைவாள் பயிற்சிக்கு இரண்டு என்று சேர்த்தால் வெட்டுக்குச் சராசரி 10.5, அதே 65 விழுக்காட்டில் சுற்றுக்கு 13.65. இதோடு ஒவ்வோர் ஓய்வுக்கும் இடையில் ஒருமுறை இரட்டை வேகத்தில் அடிக்கும் ஆக்‌ஷன் சர்ஜ் என்ற திறனும் அவனுக்கு உண்டு.

இப்போது ஒரு நாளில் ஒரே ஒரு சண்டை, அதில் நான்கு சுற்று என்று வையுங்கள். மந்திரவாதி இரண்டு நெருப்புக்கோளமும் இரண்டு தீக்கணையும் எறிந்து 182 எடுக்கிறார். வீரன் ஆக்‌ஷன் சர்ஜ் உட்பட எடுப்பது 68. அவரில் பாதிகூட இல்லை.

அதே இருவருக்கும் ஒரு நாளில் ஆறு சண்டையும், நடுவில் ஒரு மணி நேரச் சிறு ஓய்வு இரண்டும் கொடுத்துப் பாருங்கள். சுற்றுகள் இருபத்துநான்கு. மந்திரவாதிக்குச் சிறு ஓய்வு ஒன்றில் இழந்த மூன்றாம் வரிசை ஸ்லாட் ஒன்று மீளும். ஆக மூன்று நெருப்புக்கோளம், மீதி இருபத்தொரு சுற்றும் தீக்கணை, மொத்தம் 402. வீரனுக்கு ஆக்‌ஷன் சர்ஜ் மூன்று முறை கிடைப்பதால் மொத்தம் 369. விதியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. நாளை நீட்டியதும் இருவரும் ஏறத்தாழ அருகருகே வந்துவிட்டார்கள். 2014 விதிப்புத்தகம் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மோதல் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். என் முதல் கதையில் நாளுக்கு ஒன்று.

இந்தக் கணக்கில் மந்திரவாதியின் முதல், இரண்டாம் வரிசை ஸ்லாட்டுகளை நான் சேர்க்கவில்லை. அவை பெரும்பாலும் சேதத்துக்குப் போவதில்லை. கவசமாகவும், பூட்டைத் திறப்பதாகவும், சுவரேறுவதாகவும், மறைவதாகவும் போகும். வீரன் சண்டைக்கு வெளியே வெறுங்கையனாக நிற்பது இந்த ஸ்லாட்டுகளால்தான். அதைச் சேதக் கணக்கால் சரிசெய்ய முடியாது என்பதால் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: உங்கள் மேசைக்கேற்ற மந்திர முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்லாட் முறைக்கு அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்சின் பெயரால் வான்சியன் என்ற பெயருண்டு. மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, சொன்னதும் அது மறந்துபோகும் என்ற கற்பனை அவருடைய கதைகளிலிருந்து வந்தது. புதியவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிவதால் பற்றெழுதுவது எளிது. கையில் ஒன்பது புளியங்கொட்டையைக் கொடுத்து, மந்திரத்துக்கு ஒன்று என்று திருப்பி வாங்கினாலே போதும்.

புள்ளி முறையில் மந்திரவாதிக்கு ஒரு மொத்த இருப்பு இருக்கும். சிறிய மந்திரத்துக்குக் கொஞ்சம், பெரியதற்கு அதிகம் என்று கழியும். கம்ப்யூட்டர் விளையாட்டில் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் இருப்பு முழுவதையும் பெரிய மந்திரங்களிலேயே கொட்டிவிட வழியிருப்பதால், நாள் குறுகியதாக இருந்தால் ஏற்றத்தாழ்வு ஸ்லாட் முறையைவிட மோசமாகும்.

பகடை வீசி மந்திரம் சொல்லும் முறை வேறு வகையானது. டன்ஜன் வேர்ல்டு என்ற ஆட்டத்தில் மந்திரவாதி இரண்டு ஆறுமுகப் பகடைகளை வீசித் தன் திறனைக் கூட்டுகிறார். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மந்திரம் முழுதாகப் பலிக்கும்; ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் பலிக்கும், ஆனால் மந்திரம் மறந்துபோவதோ வேண்டாத கவனத்தை ஈர்ப்பதோ போன்ற ஒரு விலையை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்; ஆறும் அதற்குக் கீழும் வந்தால் டி.எம். கையில். திறன் இரண்டு என்றால் முழு வெற்றிக்கும் விலையோடு கூடிய வெற்றிக்கும் 36இல் தலா 15 வாய்ப்பு, தோல்விக்கு 6. ஒவ்வொரு முறையும் மேசையில் எல்லாருடைய கண்ணும் பகடையின் மேல் இருக்கும். பற்று எழுதப்படுவதை எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதே இம்முறையின் சிறப்பு.

1987இல் வந்த ஆர்ஸ் மாஜிக்கா சமநிலை என்ற கேள்வியையே வேறு பக்கம் திருப்பியது. ஐந்து வினைகளையும் பத்துப் பொருள்களையும் இணைத்து மந்திரவாதி தானே மந்திரம் புனையலாம். அவன் மற்றவர்களைவிட மிக வலியவன் என்பதை அந்த ஆட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. அதற்கு ஈடாக, மேசையிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியும் உண்டு, ஒரு துணைவனும் உண்டு. இந்த வாரம் ஒருவருடைய மந்திரவாதி வெளியே போனால் மற்றவர்கள் துணைவர்களாகவும் காவலாட்களாகவும் ஆடுவார்கள். பாத்திரங்களுக்கிடையே சமநிலை இல்லை, ஆடுபவர்களுக்கிடையே உண்டு. இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புண்டாகிறது. ஆனால் முதல் ஆட்டத்துக்கு ஏற்றதன்று. 1981இல் வந்த கால் ஆஃப் க்துலுவில் மந்திரம் மனநிலையையே தின்னும். திகில் கதைக்கு அது பொருந்தும்.

நான்காம் படி: நாளை நீட்டுங்கள்

ஒரே நாளில் ஆறு மோதல் என்றதும் புதியவர்கள் மலைக்கிறார்கள். காட்டிலும் பாலைவனத்திலும் கதை நடந்தால் உண்மையிலேயே கடினம். எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடித்துத் தூங்கலாம். நம் ஊரில் அதற்கு விடை கண்முன் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பூட்டிக் கிடக்கும் அப்படியொரு வீட்டைக் களமாக வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு நிலைக்கதவில் ஒரு தடை, வளவில் ஒரு மோதல், பக்கவாட்டு அறைகளில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று, நெற்பத்தாயத்தருகே ஒன்று, பின்கட்டுக் கிணற்றடியில் கடைசி. விடிவதற்குள் பெட்டகத்திலிருக்கும் பழைய ஓலைக்கட்டை எடுத்துவர வேண்டும் என்று சொல்லிவிட்டால், எட்டு மணி நேர நெடு ஓய்வுக்கு இடமே இல்லை. கதவடைத்து உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப்போடும் சிறு ஓய்வு இரண்டுக்கு வழி விடுங்கள். ஆறும் வாள்சண்டையாக இருக்க வேண்டியதில்லை. குழுவின் இருப்பைக் கரைக்கும் எதுவும் மோதல்தான்.

பற்றெழுத இந்தக் களமே உதவுகிறது. நெருப்புக்கோளம் அதன் எல்லைக்குள் இருக்கும், யாரும் ஏந்தியிராத, எரியக்கூடிய பொருள்களைப் பற்றவைக்கும் என்று விதியிலேயே இருக்கிறது. பலர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வளவில், தேடிவந்த ஓலை மரப்பெட்டகத்துக்குள் இருக்கும்போது, அந்த ஒரு வரி மந்திரவாதியை நிறுத்தி யோசிக்க வைக்கும். விலையுள்ள பொருள் கேட்கும் மந்திரங்களையும் இதேபோல மதியுங்கள்: இறந்தவரை ஒரு நிமிடத்துக்குள் மீட்கும் மந்திரம் 300 பொன் பெறும் வைரத்தை உண்மையாகவே கரைத்துவிடும். "இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த வைரத்தை யாரிடமிருந்து, என்ன வாக்குக் கொடுத்து வாங்கினார்கள் என்பதே ஒரு மாலைக் கதையாகும்.

ஐந்தாம் படி: வீரனுக்கு இடம் வைத்துக் களத்தை விரியுங்கள்

எங்கள் வீட்டு வளவில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையாலேயே செய்யும் அந்தக் கற்கள் சதுரமாக வரிசையாக இருப்பதால், நாங்கள் படம் வரைவதில்லை. ஒரு கல் பத்தடி என்று கொண்டு, தரையிலேயே சோழிகளை வைத்து ஆடுகிறோம். இருபதடி ஆரமுள்ள நெருப்புக்கோளம் நான்குக்கு நான்கு கற்களை மூடும். ஒருமுறை பகைவர் மூவரும் நீலப்பூக் கற்களில் நிற்க, அவர்களை மறித்துக்கொண்டு வீரனின் சோழி அதே சதுரத்தின் ஓரக்கல்லில் நின்றது. மந்திரவாதியாக ஆடியவர் குனிந்து விரலால் கல்லை எண்ணினார், இரண்டு முறை எண்ணினார், பிறகு நிமிர்ந்து வீரனைப் பார்த்து, "ஒரு கல்லு பின்னால வர முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எழுந்த நொடியில் முடிவெடுக்கும் உரிமை வீரனிடம் வந்துவிட்டது. அவன் பின்வாங்கினால் பகைவர் சிதறுவார்கள், நின்றால் நெருப்பில்லை. இடம் தெளிவாகத் தெரியும் களத்தில் இது தானாக நிகழும். வாய்மொழியாகவே ஆடினால் நெருப்பு எப்போதும் வசதியான இடத்தில்தான் விழும்.

மனக்குவிப்பு விதியையும் விட்டுவிடாதீர்கள். நீடித்து நிற்கும் பெரிய மந்திரங்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும். அடி விழுந்தால் பத்து அல்லது சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரியதோ அதற்கு எதிராகப் பகடை வீச வேண்டும். உடல்திறன் இரண்டுள்ள மந்திரவாதி சிறு அடிக்கும் நூற்றுக்கு 35 முறை மந்திரத்தை இழப்பார். ஆகவே அவரை அடிபடாமல் காக்கும் ஆள் தேவை. அந்த ஆள் வீரன். அறிவுள்ள சில பகைவரை மந்திரவாதியை நோக்கியே அனுப்புங்கள். அதோடு, ஹேஸ்ட் போன்ற மந்திரங்களைப் பற்றி மந்திரவாதியாக ஆடுபவரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். மூன்றாம் வரிசை ஸ்லாட்டைத் தன் புகழுக்குச் செலவழிக்காமல் வீரனின் மேல் இட்டால், வீரன் இரட்டை வேகத்தில் ஓடி, கூடுதலாக ஒரு வெட்டு வெட்டுவான். அந்த மாலை இருவருடையதும் ஆகும்.

சண்டைக்கு வெளியே வீரன் வெறுங்கையனாக நிற்கும் குறைக்கு விதிப்புத்தகத்தில் போதிய மருந்தில்லை என்பது என் கருத்து. உலகத்தில் அவனுக்கு வேர் கொடுங்கள். ஊர்க்காவலர் அவனை அறிவார்கள். கொல்லன் அவனுக்குக் கடன் தருவான். அய்யனார் கோயில் புரவியெடுப்பில் முதல் மரியாதை அவன் வீட்டுக்கு. மந்திரத்தால் திறக்கும் கதவுகள் இருக்கட்டும். அவன் முகத்தைப் பார்த்தால் மட்டும் திறக்கும் கதவுகளும் அதே எண்ணிக்கையில் இருக்கட்டும்.

பூசாரி வகைப் பாத்திரத்தைப் பற்றி ஒன்று மட்டும்: காயம் ஆற்றுவதற்கென்றே ஒருவரை உட்காரவைக்காதீர்கள். மருந்துக் குப்பிகளைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால், அவர் தன் விருப்பப்படி ஆடுவார். கள்வன் வகைக்குப் பூட்டும் நிழலும் உயரமும் இருக்கும் களமே போதும்.

ஆறாம் படி: சொந்தமாக ஒரு முறை, தாயக்கட்டையோடு

ஸ்லாட் முறையில் நாலைந்து மாதம் பழகியபின், நம் வீட்டுப் பொருளை வைத்தே ஒரு மந்திர முறை அமைத்துப் பார்க்கலாம். என் அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டை வைத்து நான் அமைத்ததைச் சொல்கிறேன். வீட்டில் இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம். இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையாக விழலாம்.

முதலில் நான் சிறிய எண் தோல்வி, பெரிய எண் வெற்றி என்று வைத்தேன். மேசையில் யாருக்கும் அது ஒட்டவில்லை. ஒன்று விழுந்ததும் எல்லாரும் "தாயம்!" என்று கத்திவிட்டு, பிறகு அது தோல்வி என்று நினைவு வந்து முகம் வாடினார்கள். காய் இறங்குவதே தாயத்தில்தான் என்று சிறுவயதிலிருந்து பழகிய கைகள் அவை. ஆகவே வீட்டு வழக்கையே விதியாக்கினேன். எங்கள் வழக்கில் தாயம், ஐந்து, ஆறு, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு ஆகிய நான்கும் மறுபடி உருட்டும் உரிமை தரும் வீச்சுகள். இவற்றில் ஒன்று விழுந்தால் மந்திரம் விலையின்றிப் பலிக்கும். பதினாறில் தாயத்துக்கு இரண்டு, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று என்று மொத்தம் ஆறு வாய்ப்பு.

மீதிப் பத்தில் இரண்டும் மூன்றும் நான்கும் விழும். அப்போதும் மந்திரம் பலிக்கும். ஆனால் பற்று உண்டு. இரண்டு விழுந்தால் உடல் கொடுக்க வேண்டும்: மந்திரத்தின் வரிசை எண்ணிக்கைக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் உயிர்ப்புள்ளி கழியும். மூன்று விழுந்தால் அந்த மந்திரம் அடுத்த நெடு ஓய்வுவரை மறந்துபோகும். நான்கு விழுந்தால் ஓசை எழும். பக்கத்துக் கட்டில் இருப்பது எதுவோ அது அடுத்த சுற்றில் வந்து நிற்கும். மூன்றுக்கு நான்கு வாய்ப்பும் மற்ற இரண்டுக்கும் மும்மூன்றும் இருப்பதால், மறதி சற்று மிகுதியாக வரும். நாள் நீள நீள மந்திரவாதியின் இருப்பு தானாகச் சுருங்குவது இதனால்தான். தோல்வி என்ற ஒன்றே இம்முறையில் இல்லை. முறை வந்து, வீசி, ஒன்றும் நடக்காமல் உட்காரும் சலிப்பு யாருக்கும் இருக்கக்கூடாது என்று அதை வேண்டுமென்றே விட்டேன்.

இதில் வீரனைப் பிணைக்கும் விதி ஒன்று சேர்த்தேன். மந்திரவாதிக்கு அடுத்த கல்லில் வீரன் நின்றால், இரண்டுக்கான உயிர்ப்புள்ளியைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளலாம். நான்குக்கான பகை வரும்போது அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை அவனே தீர்மானித்து, அங்கே முதல் வெட்டையும் வெட்டலாம். மூன்றில் மட்டும் யாரும் பங்கு கேட்க முடியாது. இந்த முறையில் நடத்திய முதல் மாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டிருந்தேன், தயக்கத்தோடுதான் வந்தான். மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஐந்தே மிச்சமிருந்தபோது மூன்றாம் வரிசை மந்திரத்துக்குக் கட்டை உருண்டு, இரண்டு விழுந்தது. மூன்று பகடை. யாரும் பேசவில்லை. அவன் தன் சோழியைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளிவைத்துவிட்டு, "அந்தப் பற்ற எம்பேர்ல எழுதுங்கண்ணே" என்றான்.

ஏழாம் படி: கணக்குப் புத்தகம் வைத்திருங்கள்

கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஒரு மாலைக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் எந்த மந்திரம், எந்தக் கட்டில். வலப்பக்கம் அதற்கு என்ன கழிந்தது: ஸ்லாட்டா, பொருளா, காயமா, கரிந்த தூணா. ஓரத்தில் அந்த மோதலை முடித்துவைத்தவர் யார் என்று பெயரின் முதலெழுத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து, தேன்குழலும் காப்பியுமாக உட்கார்ந்திருக்கும்போது, "இன்னைக்கு எந்த இடத்துல எல்லாரும் ஒன்னையப் பாத்துக்கிட்டு இருந்தாக?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதில் சொல்ல ஒருவர் திணறினால், அடுத்த வாரக் களத்தை அவரை மனத்தில் வைத்து அமையுங்கள். விதியை உடனே மாற்றாதீர்கள். பெரும்பாலும் களத்தை மாற்றினாலே சரியாகிவிடும்.

நான்கு வாரம் கழித்து நான்கு பக்கங்களையும் விரித்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரே எழுத்து பாதிக்குமேல் வந்திருந்தால், முதலில் அந்த நாள்களில் எத்தனை மோதல் இருந்தன என்று எண்ணுங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் நாளை நீட்டுங்கள். போதுமான அளவு இருந்தும் அப்படியென்றால், வலப்பக்கத்தில் எழுதாமல் விட்ட வரிகளைத் தேடுங்கள். அதன்பின்னும் சரியாகவில்லையென்றால் மட்டும் ஒரே ஒரு விதியை, ஆட்டம் தொடங்குமுன் எல்லாரிடமும் சொல்லி, மந்திரவாதியாக ஆடுபவரின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் அதே பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள்.